மில்காரர் வீட்டுக்கு ஒயராக இருந்தவள்

மில்காரர் சென்னியப்பன் வீட்டு வெள்ளைக் காருக்குள் இருக்கும் பொட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியது, என் மகள் யமுனாவின் காரியம் முடிந்து, வந்திருந்த ஒறம்பரை எல்லாம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிப் போய், சேர்ந்து அழுவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில்தான்.

யமுனா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, பரோட்டா கடைக்கு எதிரில் சைக்கிளில் வந்தவளை அந்தக் கார் அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. ஓட்டியது மில்காரர் மகன் பிரணவ். பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்தார், தின்றுகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் பார்த்தார். ஆனால் ஸ்டேஷனில் போய்க் கைகட்டி நின்று நான்தான் ஓட்டினேன் என்று சொன்னது டிரைவர் பெரியராசு. பெரிய வீடுகளில் அது வழக்கம். டிரைவர் வேலை என்றால் ஓட்டுகிற வண்டியை ஓட்டுவதும் ஓட்டாத வண்டிக்காக உள்ளே போவதும் சேர்ந்ததுதான் என்று எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பார்த்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கே நாக்கு உள்ளே போய்விட்டது.

நான் பெருந்துறை ரோட்டில் வரிசையாக இருக்கும் ஒர்க்‌ஷாப்களுக்கு மத்தியானச் சோறு ஆக்கிக் கொடுக்கிறவள். அந்த வரிசையில்தான் இதயத்துல்லா பாயின் ஆட்டோ எலெக்ட்ரிகல் ஷெட்டும் இருக்கிறது. போலீஸ் விட்டதும் கார் அங்கேதான் வந்தது. புது பம்பர், புதுக் கண்ணாடி, ஒரு கீறல் இல்லை. நான் கேரியரோடு போய் அதன் முன்னால் நின்றேன். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சரசக்கா. நான் எடுக்கலீன்னா வேற எவனாச்சும் எடுப்பான். எங்கியோ போய் நல்லாகறதுக்கு என்ற கண்ணு முன்னால கெடக்கட்டும்."

"கெடக்கட்டும் பாய். சோறு ஆறுது, உக்காருங்க."

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால், மாரியம்மன் கோயில் விளக்குப் பூஜை மாதிரி முன்னால் இருக்கும் லைட்டெல்லாம் எரிந்தது, அவ்வளவுதான். பாய் தன் மெஷினை மாட்டிப் பார்த்தார். ஒயரைத் தட்டிப் பார்த்தார். சோற்றில் கை வைத்தபடியே எனக்கும் பக்கத்து ஷெட் வெல்டர் மாணிக்கவாசகத்துக்கும் விளக்கம் சொன்னார். பாய்க்கு விளக்கம் சொல்லாமல் சோறு இறங்காது.

"காருக்குள்ள அங்கங்க பொட்டி பொட்டியா இருக்குதுக்கா. என்ஜினுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, கதவுக்கு ஒண்ணு, காத்துப் பைக்கு ஒண்ணு. அல்லாத்துக்கும் பொதுவா ரெண்டே ஒயரு, சடை பின்னுன மாதிரி முறுக்கி வெச்சிருப்பான். அதுலதான் பேசிக்கும். காலை வெச்சுட்டாங்கன்னு பிரேக்குப் பொட்டி சொன்னா மத்ததெல்லாம் கேட்டுக்கும்."

"இப்ப என்ன சொல்லுது?"

"ஒவ்வொண்ணையும் தனியாக் கேட்டா, நான் நல்லாத்தான் இருக்கறேன், மத்தவங்கதான் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்கங்குது."

"எங்க சம்பந்தி வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மாணிக்கவாசகம்.

இதற்கு ஒரு வழி உண்டாம். ஏதோ ஒரு பொட்டி கெட்டுப்போய் அந்த ரெண்டு ஒயரையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது இருக்கிறவரை மற்றவை கத்தினாலும் ஒன்றுக்கொன்று கேட்காது. எது என்று பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் மற்றவை பேச ஆரம்பிக்கின்றனவோ அதுதான் கெட்டது. பாய் பிடுங்கினார். கதவுப் பொட்டியைப் பிடுங்கினார், காற்றுப் பைப் பொட்டியைப் பிடுங்கினார், சீட்டுக்கு அடியில் இருந்ததைப் படுத்துக்கொண்டு பிடுங்கினார். எதைப் பிடுங்கினாலும் மற்றவை ஊமையாகவே இருந்தன. ஒயரில் மீட்டர் வைத்தால் அறுபது ஓம்ஸ் என்று ஒழுங்காகக் காட்டியது. பாய் தரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கெட்ட பொட்டி கார்ல இல்லீங்கக்கா. வெளிய எங்கியோ உக்காந்துட்டு லைனைப் புடிச்சு வெச்சிருக்குது."

அதை அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆனால் மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அடுத்து அது வீட்டுக்குப் போயிற்று. ஒரு காலையில் மில்காரர் சம்சாரம் வசந்தாமணி, காப்பி ஆறுதுங்க என்று கூப்பிட்டாள். எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மில்காரருக்கு அது கேட்கவில்லை. ஏண்டி இன்னும் காப்பி வரவில்லை என்று அவர் கத்தினார். அவளுக்கு அது கேட்கவில்லை. மாடியிலிருந்து பிரணவ் கத்தினான், இருவருக்குமே கேட்கவில்லை. வேலைக்காரிக்கு மூன்று பேர் பேசுவதும் கேட்டது, அவள் பேசுவது மூன்று பேருக்கும் கேட்டது. தெருவில் தேங்காய் விற்பவன் குரல் கேட்டது, கோயில் மைக் கேட்டது, ஒருவருக்கொருவர் மட்டும் கேட்கவில்லை. போனில் பேசினால் கிணற்றுக்குள் வைத்த மாதிரி மௌனம். எழுதிக் காட்டினால் காகிதம் வெள்ளையாக இருந்தது. தலையாட்டினால் கழுத்து வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள். வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினால், அவள் அந்தச் சேதியைச் சொல்ல வாயைத் திறந்ததுமே அவள் குரலும் அடைத்துக்கொண்டது. சேதியை விட்டுவிட்டுச் சட்னி அரைக்கலாமா என்று கேட்டால் குரல் திரும்ப வந்தது.

கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். காது நன்றாக இருக்கிறது, தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். பாய் மெஷின் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். ஆற்றில் சாயத் தண்ணி வந்தபோது பழகிக்கொண்டது, என் மகள் செத்ததற்கும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சண்டைக்காரப் பெண்டாட்டி உள்ளவர்கள், அந்த வியாதி ஒட்டுமா என்று பார்க்க மில்காரர் வீட்டுக் காம்பவுண்டில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தார்கள். மாமியாரோடு மல்லுக்கட்டுகிற மருமகள்கள் பாய் ஷெட்டுக்கு வந்து அந்தக் காரின் கண்ணாடியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். "அல்லாவே, இது ஒர்க்‌ஷாப்பும்மா" என்று பாய் விரட்டி விரட்டி ஓய்ந்து, கடைசியில் செருப்பை வெளியே விடச் சொல்லி ஒரு போர்டு எழுதி வைத்தார். மில்காரரும் சம்சாரமும் ஒரு கல்யாணத்துக்கு வந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பேசிக்கொண்டிருந்ததை, அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று பந்தி பரிமாறியவர்கள்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சேதி ஒவ்வொன்றும் வெல்லமாக இருந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதா, கேஸை மூடினோமா என்று ஆயிரம் கவலை எனக்கு. அதற்கு நடுவில் இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் நெஞ்சு குளிர்ந்தது.

மில்காரர் கடைசியில் பாயிடமே வந்தார். காரைப் பற்றிக் கேட்க வந்தவர் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். பாய் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஒவ்வொருத்தராப் புடுங்கிப் பார்த்தீங்களாங்க?"

"என்னய்யா சொல்ற?"

"இல்லீங்க, கார்ல அப்படித்தான் பார்ப்போம். வீட்டுல மூணு பொட்டி. ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. எதை எடுத்தா மத்தது பேசுதுன்னு தெரிஞ்சுரும்."

முதலில் மில்காரர் தோட்டத்துச் சாலை வீட்டுக்குப் போய்த் தங்கினார். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் ஒன்றும் மாறவில்லை. பிறகு அவர் திரும்பி வந்து, வசந்தாமணி காங்கயத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பனும் மகனும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வசந்தாமணி திரும்பி வந்து, மகனை ஊட்டிக்கு அனுப்பினார்கள். அவன் ஏறிய வண்டி மேட்டுப்பாளையம் தாண்டியிருக்கும், வசந்தாமணி சமையலறையில் தனக்குத்தானே, இந்தப் பருப்பு வேகவே மாட்டேங்குது என்று சொல்ல, வேற பருப்பு வாங்கிக்கலாம் விடு என்று முன்பக்க ஆசாரத்திலிருந்து மில்காரர் குரல் வந்தது. அந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து புருஷன் காலைக் கட்டிக்கொண்டு அழுததாம். அதே நேரத்தில் பாய் ஷெட்டில் காரின் லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்து, என்ஜின் தானாக ஒரு தடவை உறுமிவிட்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மகன் திரும்பி வந்தான். வீடும் மறுபடி அடைத்தது, காரும் அடைத்தது.

அன்று சாயங்காலம் பரோட்டா கடையில் நாக்கெல்லாம் வெளியே வந்தது. "எனக்கு அப்பவே தெரியும், பையன்தான்" என்றார் மாஸ்டர். "நானும் பார்த்தேன், சிவப்புப் பனியன் போட்டிருந்தான்" என்றார் பஞ்சர்காரர். எந்தப் பொட்டி கெட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊருக்குத் தெரிவது கோர்ட்டுக்குத் தெரிவது ஆகாது. ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் பரோட்டாவைப் பார்த்தார்கள்.

மில்காரர் கெட்டிக்காரர். வழி தெரிந்ததும் பையனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்ப ஏற்பாடு செய்தார். அவன் போய்விடுவான். வீடு பேசும், கார் ஓடும், பெரியராசு உள்ளே கிடப்பான், என் பெண் டிரைவர் அடித்துச் செத்தவளாகவே இருப்பாள். சோற்றுப் பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, தெருவில் மண்ணை வாரிக்கொண்டு மில்காரர் வீட்டு வாசலுக்குப் போனேன். மண்ணை வாரித் தூற்றினால் குடும்பம் தழைக்காது என்பார்கள். தழைக்கக் கூடாது என்றுதான் போனேன். வசந்தாமணி வாசலுக்கு வந்தாள். மேலே பால்கனியில் நின்ற பையன், அம்மா பசிக்குது, அந்தம்மாவை அனுப்பிட்டு உள்ள வாங்க என்றான். கையில் இருந்த மண்ணை வசந்தாமணி தலையில் வாரித் தூற்றினேன்.

"கேட்டியா! பசிக்குதாம் உன்ற பையனுக்கு, உள்ள வருவியாம்! என்ற புள்ளைக்கு இனிமேப் பசிக்காதுடி!"

வசந்தாமணி தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. "பசிக்குதுன்னானா? என்ற சாமி பசிக்குதுன்னா சொன்னான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சேதியை அவளிடம் கொண்டுபோக உலகத்தில் ஒரு வாய்தான் இருந்தது. அது என் வாய்.

இப்படித்தான் நான் அந்த வீட்டுக்கு ஒயரானேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. காலையில் சோறு ஆக்கி அனுப்பிவிட்டுப் போவேன், அவர்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன்.

அப்பனும் மகனும் பேசிக்கொள்வது எந்த வீட்டிலும் நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு பொம்பளை இருப்பாள். அந்த நாய் தின்னானா என்று அப்பன் கேட்டால், அப்பா சாப்பிடச் சொன்னாருடா கண்ணு என்று அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். குடும்பங்கள் உடையாமல் இருப்பது அதனால்தான். நான் அந்த வேலையைச் செய்யவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோனேன்.

"உங்கப்பா சொல்றாரு, உன்னையப் பெத்ததுக்கு ரெண்டு தென்னை வெச்சிருக்கலாமாம்."

"உங்க பையன் சொல்றான், பதினெட்டு ஆகறதுக்கு முன்னாலயே சாவியைக் கையில குடுத்துப் பழக்குனது நீங்கதானாம், நீங்களே உள்ள போயிருக்கோணுமாம்."

"உங்க வீட்டுக்காரர் சொல்றாரு, செல்லம் குடுத்துக் கெடுத்த முண்டை நீதானாம்."

வசந்தாமணி சாப்பிட்டியா சாமி என்பாள். அதை நான் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்வது மாதிரி சொல்வேன். சாப்பிட்டியா சாமி. பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், அதில் எங்காவது அவன் அம்மா இருக்கிறாளா என்று தேடுகிற மாதிரி. அவன் இளைத்துக்கொண்டே போனான். பெரியராசு வீட்டுக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது, வக்கீல் என்ன சொன்னார், எல்லாம் என் வழியாகவே போயிற்று. செத்தவளின் தாயைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு சதியும் செய்ய முடியவில்லை.

பிளேன் ஏறும் நாள் வந்தது. மத்தியானம், சூட்கேஸ் எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. வசந்தாமணி மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பேசினான்.

"அம்மாகிட்டச் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அன்னிக்கு அடிச்சதும் கண்ணாடில பார்த்தேன். கை அசைஞ்சுது. அந்தப் பொண்ணு கையைத் தூக்குச்சு. பார்த்துட்டுத்தான் போனேன். இதைச் சொல்லுங்க. அம்மா விடு சாமின்னு சொல்லிட்டா நான் போயிருவேன்."

வசந்தாமணி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்றான்? அக்கா, என்ன சொல்றான்?"

யமுனா அடிபட்டதுமே போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். வலி தெரியாமல் போனாள் என்று சொன்னார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதுவரை சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் கையைத் தூக்கினாள். என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள், வேறு யாரைக் கூப்பிடுவாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இது உங்கம்மா காதுக்குப் போற சேதி இல்ல தம்பி. இதைக் கேக்க வேண்டியவங்க ஸ்டேஷன்ல இருக்காங்க. அங்க உன்ற வாயாலயே சொல்லு, அங்க அல்லாருக்கும் கேக்கும்."

"சொன்னா அம்மாகிட்டச் சொல்லுவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சரி என்று அவனாக எடுத்துக்கொண்டான். வாசலில் நின்ற வண்டியைத் தாண்டி நடந்தான். அவன் பின்னால் நான் நடந்தேன். எங்களைப் பார்த்துவிட்டு பரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடு வந்தார், பஞ்சர்காரர் வந்தார், பாய் கையில் டெஸ்டரோடு வந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டருக்கு வேர்த்தது. "தம்பி, அப்பாவுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தீங்களா? உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். பையன் உட்காரவில்லை. வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று ஆரம்பித்தான். அதற்குள் மில்காரர் ஓடிவந்தார். படியேறும்போதே கத்தினார்.

"டேய்! வாயை மூடுடா! ஒரு வார்த்தை பேசாத!"

பையனுக்கு அது கேட்கவில்லை. ஸ்டேஷனில் எல்லோருக்கும் கேட்டது, தெருவுக்குக் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. முன்னால் போய் அவன் வாயைப் பொத்தப் போனார் மில்காரர். பாயும் மாஸ்டரும் நடுவில் நின்றுகொண்டார்கள். மில்காரர் என் பக்கம் திரும்பினார். பட்டு மாதிரி வேட்டி, அதில் மண். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, தாயே, நீ சொல்லும்மா அவன்கிட்ட! நிறுத்தச் சொல்லு! ஒரே வார்த்தை, நிறுத்துன்னு மட்டும் சொல்லு!"

நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லோடு பல் ஒட்ட மூடிக்கொண்டேன். பையன் சிவப்புப் பனியனைச் சொன்னான், கண்ணாடியைச் சொன்னான், கையைச் சொன்னான். நான் பார்த்தேன் என்றார் மாஸ்டர். நானும் என்றார் பஞ்சர்காரர். இத்தனை பேர் எதிரில் சொன்னதை ரைட்டரால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரியராசு வெளியே வந்துவிட்டான். பையன் உள்ளே இருக்கிறான். மில்காரரும் வசந்தாமணியும் இப்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்க வாழ்கிறார்கள். ஆனால் பேச ஒன்றும் இல்லை என்று வேலைக்காரி சொல்கிறாள்.

வாரா வாரம் வசந்தாமணி மகனைப் பார்க்கக் கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான், இந்தப் பக்கம் இவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, அடுப்படி வாசலில் தரையில் உட்காருவாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை எங்கூட வாங்க. அவன் என்ன சொல்றான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அன்னிக்கு என்ன சொன்னான்னு ஊரே சொல்லுது, என்ற காதுல ஏற மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் ஏறும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன். புண்ணியம் எனக்கு வேண்டாம். இருட்டப் போகிறது, எழுந்து போ என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். போன வாரம் அவள் போகவில்லை, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"உன்ற பையன் வாய் அசையறதையாவது நீ பார்த்துட்டு வர்ற, வசந்தாமணி."